நீட்டல் கோடு

என் பெயர் வில்லா ஃப்ரீசன்.
காமிசுனாவில் எழுதினால் ஐந்து குறிகள்.
நடுவில் உள்ளது எழுத்தே இல்லை,
படுத்துக் கிடக்கும் ஒரு கோடு.
அது விட்டுப்போனால் நான் வேறு யாரோ.
முப்பத்தோரு வருட விடுதி ரசீதுகளில்
வேறு யாரோதான் தங்கியிருக்கிறாள்.

அப்பா ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை.
வின்னிபெக்குக்குத் தெற்கே, கோதுமை நடுவே,
எங்கள் சபைக்கு அது உலகத்தார் வேலை.
வாக்குச்சாவடியாகிவிட்ட பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது
வண்டியைக் கொஞ்சம் விரட்டுவார்.
நான் பின்கண்ணாடி வழியே பார்த்தேன்.
ஆய்வுத் திட்டத்தில் இதை எழுதவில்லை.

எண்பத்து மூன்று டிசம்பர். பனி.
ஒரு தொகுதிக்கு நால்வர் ஜெயிக்கும் காலம்.
ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்கள்
எதிர்க்கட்சியை வணங்கிவிட்டுப் போனார்கள்,
ஒருவரையொருவர் பார்த்தால் தெரு மாறினார்கள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.
சுருக்கிச் சொன்னால்: பங்காளிச் சண்டை.
புத்தகம் அச்சகத்தில் இருந்தபோது
சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்.
முன்னுரையைத் தவிர எல்லாவற்றையும்
ஒரு வாரத்தில் இறந்தகாலம் ஆக்கினேன்.

பிறகு பெரிய தேர்தல்களை விட்டுவிட்டேன்.
நகர்மன்றம் போதும்.
வெள்ளைக் கையுறைகள் ஜன்னலுக்கு வெளியே ஆட
பெயரைத் தவிர எதையும் சொல்லாத வண்டி,
ஹாசுனுமா, ஹாசுனுமா, ஹாசுனுமாவேதான்,
வயல் தாண்டி, மீன் சந்தை தாண்டி,
கேட்க ஆளில்லாத கடலுக்கும் ஒருமுறை.

இங்கே சின்னம் இல்லை, முத்திரை இல்லை.
பெயரைக் கையால் எழுத வேண்டும்.
வாக்கு என்றால் சொல்தான்,
பென்சிலால் எழுதிய ஒரு சொல்.
மடித்துப் போட்டாலும் பெட்டிக்குள்
தானே விரிந்துகொள்ளும் தாள்.

ஒரு வருடம் ஹாதாகெயாமாக்கள் இருவர் நின்றார்கள்.
வெறும் ஹாதாகெயாமா என்று எழுதியவர்களை
விகிதப்படி இருவருக்கும் பிரித்தார்கள்.
தோற்றவருக்கு முந்நூற்று ஆறு வாக்கும்
மேலே புள்ளி நான்கு மூன்று எட்டும்.
அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று
அவர் மனைவி என்னிடம் கேட்டார்.
படித்தவள் என்று நம்பிக் கேட்டார்.

டோஃபு கடை குராமோச்சி
அதிகாலை மூன்றரைக்கே வரிசையில் நிற்பார்.
படகுத்துறையில் சீட்டுக் கிழித்த இகேஉச்சி அம்மாள்
மூன்றே காலுக்கு வந்துவிடுவார்.
முதல் வாக்காளருக்குத்தான்
பெட்டி காலியென்று திறந்து காட்டுவார்கள்.
என்ன பார்த்தீர்கள் என்றேன்.
ஒன்றுமில்லை, என்றார் அம்மாள்,
சுத்தமான ஒன்றுமில்லை.
குராமோச்சி அன்று முழுவதும் பேசவில்லை.

எனக்கு எந்த வரிசையிலும் இடமில்லை.
இங்கே அந்நியள்.
அங்கே, தேர்தல் வரும்போதெல்லாம்
நான் இங்கே இருந்தேன்.
அப்பா அறிந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கடைசி எண்ணிக்கை, பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேரே மேல்மாடத்தில்
தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தேன்.
நள்ளிரவு தாண்டி, வெளியே, பான இயந்திரத்தருகே
நகராட்சி நிஷிகோரி வந்து நின்றார்.
என்னிடம் அல்ல, இயந்திரத்திடம் சொன்னார்:
செல்லாதவை நாற்பத்தேழு.
எழுதாதவை முப்பத்தொன்று.
படம் போட்டவை, திட்டியவை பதினைந்து.
வேட்பாளர் அல்லாதவர் பெயர், ஒன்று.
காசு போட்டார். டப்பா விழுந்தது.
கோடு விட்டுப்போகவில்லை, என்றார்.

யாராக இருக்கும் என்று
நெஞ்சில் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கியது,
வயது, வார்டு, கையெழுத்துச் சாய்வு.
பழக்கம்தான்.
இகேஉச்சி வரை வந்து நிறுத்திவிட்டேன்.
ரகசிய வாக்கெடுப்பு என்று
எத்தனை மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அன்றைய குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்:
வாக்குப்பதிவு அறுபத்தொன்று புள்ளி ஏழு.
பனி, மேற்குக் காற்று.
சோளச் சூப் ஒரு டப்பா, நூற்றிருபது யென்.
நிஷிகோரி வாங்கித் தந்தது.