பதினெட்டு நகம்

தேயிலை மலையில் ஒரு முயலுக்குக்
கோப்பி என்று பெயர் வைத்துவிட்டு
நிரோஷினி கொழும்புக்குப் போய்விட்டாள்,
புடவைக் கடை வேலைக்கு.
பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொன்னது ஒன்றுதான்:
“அப்பா, அதோட நகத்தைப் பார்த்துக்குங்க.”

பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
சிமெந்துத் தரையில் டிக் டிக்கென்று
கடிகாரம் போல நடக்கத் தொடங்கிவிட்டது.

லொறி ஓட்டும் மரியநேசன் சொன்னான்:
“மல்லாக்கப் போடுங்கண்ணே, பொம்மை மாதிரி கிடக்கும்.”
போட்டேன். கிடந்தது.
நான்கு காலும் கூரையைப் பார்க்க,
ஒரு முனகல் இல்லை.
“பார்த்தியா, என்ன அமைதி” என்றேன்.

யோகம்மா கொழுந்து மணக்கும் கையை
அதன் நெஞ்சில் வைத்தாள்.
“தொட்டுப் பாருங்க.”
நான் பெக்டரி ஆள்.
அறுந்துபோகும் முன் ரோலர் பெல்ட்
எப்படித் துடிக்கும் என்று தெரியும்.
“இது அமைதி இல்ல, பயம்.
தராசுக்கு முன்னால நானும்
இப்பிடித்தான் நிக்கிறேன்.
கணக்கப்பிள்ளை என்னைய
நல்ல பொம்பளங்கிறாரு.”

முயலைத் திருப்பி வைத்தேன்.
நகவெட்டியை ஜன்னலில் போட்டேன்.
மவுசாக்கலைப் பக்கமிருந்து வந்த மழை
அன்றிரவு தகரத்தில் நெடுநேரம் பேசியது.
நாங்கள் பேசவில்லை.

பிறகு வேறு விதம்.
மேசையில் அவளுடைய பழைய படங்கு:
இருபது வருஷம் இடுப்பில் மழை தாங்கிய துணி,
கால் வழுக்காது.
முதல் நாலு நாள் நகமே வெட்டவில்லை.
விரலைத் தொடுவேன், விடுவேன்.
நகவெட்டியைக் காற்றில் அழுத்துவேன்,
ஒரு மல்லி இலை கொடுப்பேன்.
க்ளிக், மல்லி. க்ளிக், மல்லி.
அந்த வாரம் ரசத்தில் மல்லி இல்லை.

ஐந்தாம் நாள் அவள் முழங்கை மடிப்பில்
தானாகவே முகத்தைப் புதைத்துக்கொண்டது.
இருட்டு அதற்கு வளை.
பின்காலைத் தாங்கி, வயிற்றோடு
அணைத்துக்கொண்டு அவள் நின்றாள்.
நகமோ கறுப்பு, உள்ளே ரத்தம்
எதுவரை ஓடுகிறதென்று தெரியவில்லை.
போன் டோர்ச்சைப் பின்னாலிருந்து பிடித்தேன்.
சாயத்தண்ணிக்குள் விளக்கு வைத்தது போல்
ஒரு சிவப்புக் கோடு,
அது நின்றுவிடும் இடம்.
அதற்கு ஓர் அரிசி தள்ளி, நுனியில்,
க்ளிக்.
ஒன்று.
போதும், இறக்கி விடு.

ஒரு நாளைக்கு ஒரு நகம்.
முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நாலுநாலு.
“கிலோவும் பதினெட்டுத்தான்” என்றாள் யோகம்மா.
“ஆனா இங்க குறைஞ்சா
யாரும் அரைப்பேர் போடமாட்டாங்க.”

பதினோராவதில் என் கை தவறியது.
படங்கில் ஒரு சிவப்புப் பொட்டு.
சோளமாவைத் தயாராக வைத்திருந்தோம்.
அழுத்திப் பிடித்து
அறுபது வரை எண்ணினாள், அவசரமில்லாமல்.
இறக்கி விட்டதும் அது தரையை
ஓங்கி ஒரு தடவை உதைத்தது.
சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது.
அடுத்த மூன்று நாள் லீவு,
கோப்பிக்கும் எனக்கும்,
சம்பளத்தோடு: தலைக்கு ஒரு துண்டு கரட்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.
“அப்பா, வெட்டியாச்சா?”
பதினெட்டு முடிந்தபோது
முதலாவது வளர்ந்திருந்தது.
“வெட்டிக்கிட்டே இருக்கோம்” என்றேன்.

வெளியே பனிமூட்டம் லயத்தை மூடுகிறது.
யோகம்மா படங்கை உதறி விரிக்கிறாள்.
கோப்பி வந்து
அதன் ஓரத்தை மென்று பார்க்கிறது.