சுற்றவாளி

பக்கத்துக்கு நானூறு ரூபாய்.
மேன்முறையீட்டுக் கட்டு கொழும்புக்குப் போகுமுன்
ஆரையம்பதியில், என் சாப்பாட்டு மேசையில்
இரண்டு இரவில் இங்கிலீசாகும்.

இன்றைக்கு இறக்காமத்து முனாஸ்.
உழவு மெசினைப் பின்னுக்கு எடுத்தபோது
வரம்பில் படுத்திருந்த பிள்ளையைக் காணாதவன்.
கூண்டில் நின்று அவன் சொன்னதை
சுருக்கெழுத்துக்காரி அப்படியே எடுத்திருக்கிறாள்:
"என்னத்தச் சொல்ற ஐயா. சோறு எறங்குதில்ல."

இதற்கு ஒரு சொல் வேண்டும்.

ரிக்ரெட் என்று போடலாம்.
மின்சார சபைக் கடிதத்தில் வரும் சொல் அது,
வெள்ளிக்கிழமை ஒன்பது முதல் ஐந்து வரை
கரண்ட் இல்லை என்பதற்கு முன்னால்.
கையெழுத்துப் போட்டவர்
அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்.

ஷேம் வேறு. அதற்கு ஆள் வேண்டும்,
வேலிக்கு அங்கால் இரண்டு கண்ணாவது வேண்டும்.
கதவைச் சாத்தினால்
பாதி போய்விடும்.

பாதிரிமார் பாவிக்கும் சொல்லும் ஒன்று உண்டு.
முழங்காலில் நிற்காமல் அதைச் சொல்ல முடியாது.
முனாஸ் நெற்றி வைப்பது வேறு திசைக்கு.

கில்ட் அவர்களிடம் ஒற்றைச் சொல்.
நீதிபதி தருவதும் அதுதான்,
இரவு இரண்டு மணிக்கு எழுப்புவதும் அதுதான்.
நாங்கள் குற்றத்தை முன்னால் ஓடவிட்டு
உணர்வைப் பெட்டி மாதிரிப் பின்னால் கொழுவியிருக்கிறோம்.
எத்தனையோ பேருக்கு
பெட்டி கழன்று வழியிலேயே நிற்கிறது.

எங்கள் கோட்டில் இன்னொன்றும் கேட்பார்கள்:
குற்றவாளியா, சுற்றவாளியா?
முதலெழுத்தில்தான் வித்தியாசம்.
தட்டச்சில் விரல் தவறினால்
ஒரு மனிதன் வீட்டுக்குப் போய்விடுவான்.
அல்லது போகமாட்டான்.

விரல் தவறாமலும் அது நடக்கும்.

எட்டு வருசத்துக்கு முன் ஒரு கட்டு.
கோபாலப்பிள்ளை தவநேசன்.
மச்சானோடு வாய்த்தர்க்கம், கிணற்றுக்கட்டு, மழை நாள்.
"தட்டினன் ஐயா, சும்மா தட்டினன்."
எனக்கு அன்று பல்லுக்கொதி,
விடியக் கட்டைக் கொடுத்தாக வேண்டும்.
ஹிட் என்று போட்டேன்.
சும்மாவுக்கு இங்கிலீசில் ஆள் கிடைக்கவில்லை,
விட்டுவிட்டேன்.
மூன்று எழுத்து.
மேன்முறையீடு தள்ளுபடி. ஆறு வருசம்.

ஒருவரும் கேட்கவில்லை.
பிழையைப் பிடிக்க இரண்டு பாசையும் தெரிந்து
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்த ஒருத்தி வேண்டும்.
அது நான்தான்.

ரிமோர்ஸ் என்றால், அகராதி சொல்கிறது,
வேரில் அது திரும்பக் கடித்தல்.
பரவாயில்லை, கிட்ட வருகிறது.
ஆனால் என்னுடையது கடிக்கிறதில்லை.
கறையான் புகுந்த கதவுநிலை அது.
வெளியே பெயின்ட் அப்படியே இருக்கிறது,
ஆட்கள் சாய்ந்து நின்று கதைத்துவிட்டுப் போகிறார்கள்.
தட்டினால்தான் தெரியும்.

தவநேசன் இப்போது கிரான்குளம் சந்தியில்
சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான்.
அவனுக்கு என்னைத் தெரியாது.
வழியில் வேறு மூன்று கடை உண்டு.
நான் அங்கேதான் போகிறேன்,
காற்று இறங்காத டயரோடும்.
இதற்கு என்ன சொல் என்று தேடினேன்,
இங்கிலீசில் இல்லை.
தமிழிலும்.

முனாஸின் வரியை அப்படியே பெயர்த்தேன்:
சோறு. இறங்குதல். இல்லை.
இங்கிலீசில் அது வழிதவறி வந்த ஆள் மாதிரி
பக்கத்தின் நடுவில் நிற்கிறது.
கொழும்பில் யாரோ பென்சிலால் வட்டம் போட்டு
கேள்விக்குறி வைப்பார்கள்.
வைக்கட்டும்.

போன சனிக்கிழமை
தவநேசன் பம்பைக் கழற்றினான்.
காசு வேண்டாம் என்று கையை ஆட்டினான்.
"காணும் அக்கா. சும்மா தட்டிப் பாருங்க."

டயருக்கு மேலே என் கை
கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.