பூட்டில்லாத இழுப்பறை

போன தை. அறுவடை மும்முரம்.
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் எனக்கு இரவு டூட்டி.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் பக்கிரிசாமியை
இரண்டு பேர் ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள்.
உளறினார். கையை உதறினார்.
வேர்வையில் சட்டை ஒட்டிக் கிடந்தது.
பிராந்தி வாடை கொஞ்சம் இருந்தது;
அவருடையதா தூக்கி வந்தவருடையதா
என்று நான் பார்க்கவில்லை.
'குடிபோதை' என்று பதிவேட்டில் எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வராந்தா பெஞ்சில் கிடத்தினோம்.
தெளிந்ததும் போகட்டும் என்றோம்.
சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு
சாப்பிடாமல் மூட்டை சுமந்தவர்
தெளியவில்லை.

விடிகாலை நாலரைக்குத்தான் விரலில் குத்தினேன்.
இருபத்திரண்டு.
குளுக்கோஸ் ஊசி அலமாரியில்.
அலமாரிச் சாவி ஃபார்மசிஸ்ட்டிடம்.
ஃபார்மசிஸ்ட் கோட்டூரில்.

பிழைத்தார்.
அப்படி எழுதவும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
மாதம் ஒருமுறை அவர் மனைவி கோசலை
கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள்.
என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.
எல்லோரையும் பார்த்து
அப்படித்தான் சிரிக்கிறார்.

இப்போது குளுக்கோமீட்டரை
மேசைக்காலோடு கட்டி வைத்திருக்கிறேன்,
நெல் மூட்டை தைக்கும் சணலால்.
டாக்டர் ஹாஜிரா சுவரில் எழுதி ஒட்டினார்:
போதை, வலிப்பு, வாதம், பேய்
எதை எழுதும் முன்பும் ஒரு துளி.
மேல் இழுப்பறையின் பூட்டை
வாட்ச்மேன் சிங்காரவடிவேல்
சுத்தியலால் உடைத்தார்.
ஆடிட்டில் விளக்கம் கேட்டார்கள்.
எழுதிக் கொடுத்தேன்,
அதே அழகான கையெழுத்தில்.

இன்று முத்துப்பேட்டையிலிருந்து ஒரு பெண். பதினாலு வயது.
வயிற்றுவலி என்று கொண்டுவந்தார்கள்.
ஓடி வந்தவள் போல் ஆழ ஆழ மூச்சு,
அதில் அழுகிய பழ வாசனை.
மீட்டரில் எண்ணே வரவில்லை.
முதலில் சலைன்.
பொட்டாசியம் தெரியாமல் இன்சுலின் ஏற்றக் கூடாது;
ரத்தம் பைக்கில் திருவாரூர் போகிறது.
ரயில்வே கேட் திறந்திருக்க வேண்டும்.
ஹாஜிரா நாற்காலியை இழுத்துப் போட்டு
கட்டிலருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணிக்கொரு குத்து.
மூன்று முறை அசைவில்லை.
நாலாவதற்குக் கண்ணைத் திறந்து
"வேற வெரல்ல குத்துங்கக்கா" என்கிறாள்.

இழுப்பறையில் ஏழு ஸ்ட்ரிப்தான் மிச்சம்.
இண்டென்ட் போட வேண்டும்.

வெளியே
அந்தப் பெஞ்சில் யாரோ
சுருண்டு படுத்திருக்கிறார்.
துணைக்கு வந்தவராக இருக்கலாம்.
சணல் அவ்வளவு தூரம் எட்டாது.
முடிச்சை அவிழ்க்கிறேன்.