எடெல்மீராவின் மூக்கு

அப்பாவின் வலக்கால் அழுகத் தொடங்கிய குளிர்காலத்தில்
ஆண்மக்கள் மூவரும் வாசலைத் தாண்டவில்லை.
கம்பளித் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு
"வலிக்கிறதா அப்பா?" என்று
அங்கிருந்தே கேட்டோம்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சன்னலைத் திறந்தால் சாரல்.
மூடினால், அது.
அது என்றுதான் சொன்னோம். பெயர் வைக்க நா எழவில்லை.

எதிர்க்கரையிலிருந்து எடெல்மீரா கார்க்கமோ
விதை உருளைக்கிழங்கு கேட்டு வந்தாள்.
எங்களைப் பார்த்தாள். துண்டுகளைப் பார்த்தாள்.
"உள்ளே என்ன, புகைமூட்டமா?" என்றவள்
பதிலுக்கு நிற்காமல்
சேறு அப்பிய ரப்பர் காலணியோடு போய்விட்டாள்.
வெந்நீர் கேட்டாள். உப்பு கேட்டாள்.
பழைய படுக்கை விரிப்பு கேட்டாள்.
கொடுத்தோம்,
கையை மட்டும் உள்ளே நீட்டி.

பதினோரு வயதில் வந்த காய்ச்சல்
போகும்போது அவள் மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது.
ரொட்டி கருகுவது புகையைக் கண்டால்தான் தெரியும்.
பால் திரிந்தது நாக்கில் பட்டால்தான் தெரியும்.
பெற்ற மகள் நயாரெத்தை
எத்தனை முறை உச்சி முகர்ந்தும்
முகர்ந்ததில்லை.

பாதிரியாரின் படகு வராத ஞாயிறுகளில்
தச்சர் ரொசாலீனோதான் கோயிலில் வேதம் வாசிப்பார்.
ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு,
ஒருவனுக்கு ஒன்று.
"அந்த ஒன்றைப் புதைத்தவனைத் திட்டுகிறார்களே,
எனக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்.
குழி மட்டும்தான் மிச்சம்.
எதைப் புதைக்க?" என்றாள் ஒருநாள்,
கட்டு அவிழ்த்தபடி,
அடுத்த வீட்டுக் கடன்கணக்கைச் சொல்வதுபோல.

அப்பா நாற்பத்தொரு நாள் இருந்தார்.
காலையும் அவள். மாலையும் அவள்.
அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை, ஆடுகளை விற்றாயிற்று.
வாசனைகளைக் கொடுத்தார்.
நனைந்த கம்பளி என்றால், மழையில் ஓடி வந்து
மடியில் ஏறும் நாய், எடெல்மீரா.
ஆப்பிள் பிழியும் கொட்டகை என்றால்,
சண்டை போட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள்.
சீழைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
"நேற்று உன் மகள் என் கட்டிலருகே நின்றாள்.
அவள் தலையில் அடுப்புச் சாம்பல்,
பச்சைப் புல்.
அதற்கும் அடியில்,
பிசைந்து மூடிவைத்த மாவு."
கட்டின் பாதியில் அவள் கை நின்றது.
நெடுநேரம்.

பிறகு மற்றத் தீவுகளிலிருந்தும் ஆள் வந்தது.
படுக்கைப்புண், மார்பில் உடைந்த கட்டி,
ஒன்பது நாள் கழித்துக் கரையொதுங்கிய மீனவன்.
தாயே கதவருகில் தயங்கும் அறைகளுக்குள்
கிணற்றடிக்குப் போகிறவள்போலப் போனாள்.

என்னிடம் இருந்தது ஒரு படகு,
பதினைந்து குதிரைத்திறன் இயந்திரம்.
துணிச்சல் வேறு யாருக்கோ போயிருக்கிறது.
கூட்டிப்போகிறேன், கூட்டிவருகிறேன்.
பெட்ரோலுக்குக் காசு வாங்குவதில்லை.
முதல் மாதம் வாங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.
போன வாரம் வெந்நீர் வாளியைக்
கட்டில்வரை கொண்டுபோனேன்,
மூச்சடக்கி, பதினெட்டு எண்ணும்வரை.

திரும்பும்போது இருட்டிவிடும்.
"இப்போது என்ன வாசனை?" என்பாள்.
"கடல்."
"கடல் என்றால்?"
முப்பது வருடமாக மீன் பிடிக்கிறேன்,
யாரும் கேட்டதில்லை.
"ஈர இரும்பு" என்றேன். தப்பு.
"பாசி. யாரோ கரையில் விறகு போடுகிறார்கள்.
நனைந்த விறகு."
"அந்தக் கடைசி வீடு இன்னும் என்மேல் இருக்கிறதா?"
இருந்தது.
இருக்கிறது என்றேன்.
கையை நீரில் விட்டாள்,
படகு போகிற போக்கில் அலசட்டும் என்று.

"சரி, அப்புறம்?"