விழுந்தால் விழட்டும்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
எனக்கு வழியில்தான் முதலில் பயம் வந்தது,
கனத்தை அப்புறம் கட்டிக்கொண்டேன்.

மொன்டானாவில், மலையடிவாரத்தில்,
நாற்பது மைல் பாசன வாய்க்காலுக்கு நான் காவல்.
மதகைத் திறப்பேன், மூடுவேன்,
யார் வயலுக்கு எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுதுவேன்.
புல்லுக்குள் கிலுகிலுப்பை விரியன்.
வேலிக் கம்பியில் சிக்கி முதுகு முறிந்து
இன்னும் கண்மூடாத மான்.
தண்ணீர் குறைந்த ஆண்டுகளில்
மனிதர்களும்.

பழைய ரிவால்வர். ஆறு அறை,
ஐந்தில்தான் குண்டு.
சுத்தியலுக்கு நேர் கீழே ஒன்று எப்போதும் காலி,
உள்ளே கொஞ்சம் பஞ்சு, வாய்க்கால் மணல்.
இத்தனை நாள் காப்பாற்றியது நிரம்பிய ஐந்தா
காலியான அந்த ஒன்றா என்று கேட்டால்
நான் யோசிக்க மாட்டேன்.

உறை தடித்த மாட்டுத்தோல், விசையை முழுக்க மூடும்.
பெல்ட் சேணக்காரரிடம் சொல்லிச் செய்தது.
விலையைக் கேட்டு ஹார்லன் இரண்டு நாள் பேசவில்லை.
குளிர்கோட்டின் ஓரத்து இழுகயிற்றைக் கத்தரித்து எறிந்தேன்,
ஒரு நுனி உறைக்குள் நுழைந்தால் போதும்.
ஒரு வாய் பியர் என்றால்
முதலில் பெட்டி, பிறகு பூட்டு, பிறகுதான் பாட்டில்.
பெட்ரோல் பங்க் கழிப்பறையில்
கதவுக் கொக்கியில் மாட்டக் கூடாது, தொட்டி மூடிமேல் வைக்கக் கூடாது;
உறையோடு, கழற்றிய ஜீன்ஸின் மடிப்பில்,
கண்ணுக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை போல.
உருவுவதில் அவசரம் இருக்கலாம்,
திரும்பச் செருகுவதில் எந்த அவசரமும் இல்லை.
குனிந்து பார்.
இடக்கையால் சட்டை நுனியை விலக்கு.
இன்னொரு முறை பார்.

பயிற்சித் திடலில் ஹாகன்
எங்கள் கையில் ரப்பர் துப்பாக்கியைத் தந்து தட்டிவிடுவான்.
விழுந்தால் விழட்டும்.
பாய்ந்து பிடித்தவர்கள் பிடித்தது விசையை, என்பான்.
நூறு தடவை. நூற்றைம்பது.
விரல் தானாகவே சுருண்டு பின்வாங்கும்வரை.

பதினொரு வருடம்.
மானுக்கு நான்கு முறை.
பாம்புக்கு ஒரு முறை, குறி தவறிவிட்டது.
மனிதருக்கு இல்லை.
ஒரு முறை கை போய்த் திரும்பியது, அதை நான் நோட்டில் எழுதவில்லை.

நவம்பரில், தங்கை பெரித்தின் சமையலறையில்
வான்கோழி வைக்க எடுத்த நீலக்கரைத் தட்டு,
அம்மாவுடையது,
மேடை விளிம்பில் மெல்ல நழுவியது.
என் கைக்கெட்டும் தூரம்.
நான் இரண்டு கையையும் உயர்த்தி
ஓரடி பின்னால் வைத்தேன்.
தரையெங்கும் நீலம்.
பிடித்திருக்கலாமே, என்றாள் பெரித்.
இடுப்பில் அன்று ஒன்றுமே இல்லை,
பெட்டி லாரியில் பூட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் மகள் மேரனைத் தூக்கப் பயந்தேன்.
வலப்பக்கம் என்றால் உறை,
இடப்பக்கம் என்றால்
நான்.

ஜூனில், ஏழாம் மதகில்,
பலகைமேல் ஏறிவிட்டாள் மேரன்.
பெரித் காரில் தொப்பி தேடிக்கொண்டிருந்தாள்.
பாசி. சிறிய ஷூ. வழுக்கல்.
வலக்கை பாடம் படித்த கை:
உறையை மூடிக்கொண்டு அங்கேயே நின்றது.
இடக்கைக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை,
சட்டையை விலக்குவதும் நோட்டைப் பிடிப்பதும் தவிர.
அது நோட்டை விட்டது.
மேரனின் கால்சட்டை வாரைப் பிடித்தது.

அவள் கத்திய கத்தலில் கொக்குகள் எழுந்தன.
இரண்டு கால்களும் தண்ணீருக்கு மேல் உதைத்துக்கொண்டிருந்தன.

நோட்டு விழுந்தது.
விழட்டும்.
அந்த வாரத்து அங்குலக் கணக்கெல்லாம்
சுழித்துக்கொண்டு எட்டாம் மதகுக்குப் போனது.
தனக்கு மூன்று அங்குலம் குறைந்தது என்று
டிவெட் இன்னும் சண்டை போடுகிறான்.