ஒன்பதாவது கேள்வி

படிவத்தில் ஒன்பது கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்:
இல்லவே இல்லை, சில நாட்கள்,
பாதி நாட்களுக்கு மேல், அநேகமாகத் தினமும்.
சோமனூர் பஸ் ஏறும்போதே
பென்சிலைச் சீவிக்கொள்வேன்.
பேனா ஆகாது. ஆட்கள் பதிலை மாற்றுவார்கள்.

தறிக்கூடத்தில் கேள்வி கேட்பதென்றால் கத்த வேண்டும்.
எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில்
ஒரு மனிதரின் காதுக்குப் பக்கத்தில் போய்
"போன ரெண்டு வாரமா
எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சுங்களா?" என்று
சந்தையில் விலை கேட்பதுபோல் கேட்டேன்.
"ஏனுங்?" என்றார் திருமலைசாமி.
இன்னொரு தரம் கத்தினேன்.
பக்கத்துத் தறிக்காரர் பதில் சொன்னார்.

தூக்கம் பற்றிய கேள்விக்கு
"ராத்திரி ஷிப்ட்டுங்க.
பகல்ல தூங்கறதச் சொல்லோணுமா
ராத்திரி தூங்காததச் சொல்லோணுமா?"
படிவம் எழுதியவர்களுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது.
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.
ஓரங்களை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லை.

சோறு மண்ணாட்ட இருக்குதுங்க.
நெஞ்சு மேல ஈரச் சாக்கு.
மேலுக்கு முடியல, வேறொண்ணுமில்லீங்.
இப்படி முந்நூறு ஓரங்கள் என்னிடம் இருக்கின்றன.
மனச்சோர்வு என்று கேட்டால் மட்டும்
எல்லோரும் ஒரே மாதிரி
"அதெல்லாம் இல்லீங்".

சொல்லை மாற்றிப் பார்த்தேன்.
"வெசனமுங்களா?"
அறுந்த இழையை முடிந்துவிட்டுத்தான் திரும்பினார்.
"வெசனத்துக்கு ஒரு காரணம் இருக்கோணுமுங்க.
போர் ஆயிரத்தி நூறடி போட்டு
பொகைதான் வந்துச்சு. அது வெசனம்.
அழுதேன், சோறுந் தின்னேன்.
இது அதில்லீங்.
கடனெல்லாம் அடைச்சு, புள்ளயக் கட்டிக்குடுத்து,
அல்லாஞ் செரியாப் போனதுக்கப்பறம்
வந்து உக்காந்துக்கிச்சு."

எட்டுக் கேள்வியையும் கத்தி முடித்தேன்.
ஒன்பதாவது,
இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று
தோன்றியதா என்பது.
அதை எப்படிக் கத்துவது?
வாயைத் திறந்தேன், மூடினேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
போய் ஒரு தறியை நிறுத்தினார்.
அடுத்தது. அதற்கடுத்தது.
மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதர்
எட்டையும் நிறுத்திவிட்டு வந்து
"இப்பக் கேளுங்" என்றார்.

சன்னமாகக் கேட்டேன்.
"இல்லீங். பூஜ்யம் போட்டுக்குங்க."
போட்டேன்.
பூஜ்யத்துக்கு எதற்கு எட்டுத் தறி நிற்க வேண்டும்?
அதற்குக் கட்டம் இல்லை.
நான் எழுந்திருக்கவில்லை.
முதலாளி ஜன்னலில் எட்டிப் பார்த்துப் போனார்.
பஞ்சுத் தூசி வெயிலில் இறங்கியது, மெதுவாக,
எனக்குத் தெரிந்து அது தரையைத் தொடவே இல்லை.

"பென்சில்தானுங்களே," என்றார்.
"அழிச்சுருங்க."

அன்றைக்கே பல்லடம் ஆஸ்பத்திரி.
மச்சினன் மொபெட்டில் அவர், பின்னால் பஸ்ஸில் நான்.
டாக்டர் நசீமா கேட்டதெல்லாம் கேட்டார்.
மாமன் வழியில் யாருக்காவது?
தைராய்டு? ரத்தம் எடுங்கள்.
எத்தனை வருடமாக ராத்திரி ஷிப்ட்?
வெளியே வந்து நான் கேட்டேன், எது காரணம் என்று.
"தெரிந்தால் நான் எதற்கு
இன்னும் படிவம் அச்சடிக்கிறேன்?"

மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் ஆகும்
என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"பாவு புணைக்கவே ரெண்டு மணி நேரந்தானுங்க!"
வீட்டில் மாத்திரையை மச்சினன் மனைவிதான்
எண்ணிக் கொடுத்தாள்.
நடுவில் ஒரு வாரம் போடவில்லை, வாய் உலர்கிறதென்று.
மறுபடி ஆரம்பத்திலிருந்து.

ஐந்தாம் முறை போனபோது
பத்தொன்பது பதினொன்றாகி இருந்தது.
"பதினொண்ணு நல்லதுங்களா?"
"பத்தொன்பதுக்கு நல்லதுங்க."
தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
கோன் நூலை மாட்டிக்கொண்டே,
சும்மா கேட்பதுபோல்,
"உங்குளுக்கு எத்தனைங் அம்மிணி?"

நானூற்றிப் பன்னிரண்டு பேரில்
ஒருவரும் கேட்டதில்லை.
சொன்னேன். உள்ளதைத்தான்.
குரல் தறியைத் தாண்டவில்லை.

"ஏனுங்?" என்றார்.
கை ஸ்விட்சுக்குப் போனது.