கடைசிச் சுருள் வேறொருவரிடம்

கைப்பிடி சுற்றினவன் நான்.
செக்கனுக்கு இரண்டு சுற்று.
காய்ச்சல் வந்தால் ஒன்றரை;
அன்றைக்குக் கதாநாயகி அழ நேரமெடுக்கும்.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை
முள்ளியவளையில் வெட்டின வயலொன்றில் கூடாரம் அடித்தோம்.
ஐந்து சதம். இல்லாதவர் ஒரு கொத்து நெல்,
அல்லது காபைட்டு விளக்குக்கு ஒரு குடம் தண்ணீர்.
கடல்நீரில் அம்மனுக்கு விளக்கெரித்த சனம்
எங்கள் வெளிச்சத்தைப் பெரிதாக மதிக்கவில்லை.
வண்டில் சில்லில் சாய்த்த பலகையில்
மிஸ் மந்தாரை என்று பெயர்.
சாய்த்து வைத்ததும் அவள்தான்.

கொம்பனி படுத்தபோது
பதினாலு மாதச் சம்பளத்துக்கு ஈடாய்க் கிடைத்தது அந்தப் படம்.
ஐந்து சுருளில் மூன்று.
முதலும் கடைசியும் வேறு யாருடைய கடனுக்கோ போயின.
ஆகையால் எங்கள் கதை நடுவில் தொடங்கும்,
ஆற்றங்கரையில் அவள் குதிக்க நிற்கும்போது முடியும்.
காப்பாற்ற வருபவன்
சேலத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தான்.

அதற்கு முன் பத்து வருடம் மேடை.
மைக் இல்லாத காலம்,
கடைசி வரிசைச் சுருட்டுக்காரனுக்கும் வசனம் போய்ச் சேரவேண்டும்.
வண்ணார்பண்ணையில் ராஜபார்ட், சிலாபத்தில் ராணி.
மன்னாரில் மழைக்கும் நிறுத்தாமல் பாடித்
தொண்டையில் ஏதோ அறுந்தது.
"நூல்தான் அறுந்தது, பட்டம் இல்லை" என்பாள்.

குரல் போனவளை ஊமைப்படம் எடுத்துக்கொண்டது.
மதராசில் நாலு வருடம், ஏழு படம்;
மூன்றில் தண்ணீர், இரண்டில் புலி.
பிறகு படம் பேசத் தொடங்கிற்று.
ஒரு வரி பேசிக்காட்டச் சொன்னார்களாம்.
பேசினாளாம்.
வாசல் எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் காட்டினார்களாம்.
இதைச் சொல்லும்போதெல்லாம்
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பாள்.

எங்கள் கதைசொல்லி சவரிமுத்து
மாங்குளத்திலேயே நடுங்கத் தொடங்கி,
கொயினா விழுங்கி, வண்டிலுக்குக் கீழே கிடந்தான்.
அன்றிரவு அவளே திரைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்,
உமியை உரலில் இடித்தது போன்ற குரலில்.
விடிய விடியக் கூத்துப் பார்த்த சனம்
"பாட்டில்லாத கூத்தோ?" என்று முணுமுணுத்தது.
ஆற்றங்கரை வந்ததும் முணுமுணுப்பு நின்றது.
பெண்கள் சேலைத் தலைப்பைக் கடித்தார்கள்.
"என் நாதா" என்று இவள் தொடங்க,
ஒருத்தி சிரித்தாள்.

தண்ணீரூற்று நாகமுத்து.
பிறவியிலேயே காது கேளாதவள், தேன் விற்க வந்தவள்.
தன் வாயைத் தொட்டாள், திரையைக் காட்டினாள்,
காலைத் தூக்கிக் குதியில்
எதையோ பிடுங்கினாள்.

மந்தாரை பேச்சை நிறுத்தினாள்.
நான் நிறுத்தினால் படம் எரிந்துவிடும்; சுற்றினேன்.
திரையில் வாய் திறந்து திறந்து மூடிற்று.

"அவ சொல்லுறது சரி," என்றாள் சனத்தைப் பார்த்து.
"நாதா எண்டு நான் சொல்லேல்ல.
முள்ளுக் குத்திப்போட்டுது, நாசமாய்ப் போவானே,
கமராவை நிப்பாட்டு எண்டனான்.
அவன் நிப்பாட்டேல்ல.
அழுகை நல்லாய் வந்ததாம்."

பின்னாலிருந்து ஒரு கிழவர்:
"பிறகு முள்ளை எடுத்தீங்களோ, பிள்ளை?"

அவள் பதில் சொன்னாள்.
சிரிப்பில் எனக்குக் கேட்கவில்லை.

விடியப் பாலைமர நிழலில் இரண்டு பேரும் இருந்தார்கள்,
நடுவில் ஒரு போத்தல் தேன்.
சத்தமே இல்லாமல் மந்தாரையின் உதடு அசைந்தது,
நாகமுத்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
சுருளைத் திருப்பிச் சுற்றியபடி பார்த்திருந்தேன்.
மாடு பூட்டியாயிற்று என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.
ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வெளிக்கிட்டோம்.